அரைப்பேர்

பட்டிப்பொல தாண்டி ஏறுகையில்
ஜீப்பின் பின்னால் கிடந்த இரும்புக் குழாய்
வளைவுக்கு வளைவு என் முழங்காலை இடித்தது.
அனுமதிக் கடிதத்தை வாசித்த காவலர்
"மண் எடுக்கவா இத்தனை பேர்?" என்று சிரித்தார்.
நாலு பேர். ஒரு தெர்மோஸ்.

சதுப்பில் குழாயை இறக்கினோம்.
முதல் மீட்டர் பிளேன்டிச் சக்கை போலக் கறுப்பு.
இரண்டாவதில் ஒரு வேர், இன்னும் ஈரம் விடாதது.
நாலைத் தாண்டியதும் சாம்பல் நிறக் களி,
நகத்தில் ஏறி சோப்புக்கும் போகாதது.
இருபத்தோராயிரம் வருசம் என்று பிறகு சொன்னார்கள்.
அன்றைக்கு அது
சோற்றுக்கு முன் கழுவ வேண்டிய கை.

பேராதனையில் என் வேலை:
உலர்த்து, அரை, அமிலத்தில் நனை,
அரிசியில் பாதி அளவு வெள்ளீயக் கிண்ணத்தில்
ஒரு சிட்டிகை மண்ணை மடித்து மூடு.
எரியும்போது கரி தன் எடையைச் சொல்லும்.
பாரமான கரி கூடினால் வெயில் புல்,
லேசானது கூடினால் காடு.
உயிரோடு காற்றைத் தின்ற விதம்
செத்த பிறகும் மாறாது.

நாலு மீட்டருக்குக் கீழே முழுக்கப் புல்.
இன்றைக்கு முகில் வந்து தலை துவட்டுகிற இடத்தில்.
அந்த நூற்றாண்டுகளில் தென்மேற்கு மழை
பிந்தி வந்து, கூடை நிறையாமல் நிறுத்துவிட்டுப் போன ஆள்.
எங்கள் தோட்டத்துக் கணக்கில் அதற்கு
அரைப்பேர்.
அம்மாவின் செக்ரோலில் அந்தச் சொல்லை
எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறேன்.

தில்ருக்ஷியின் கணினி வேறு சொன்னது:
மழை அவ்வளவு குறையவில்லை, நூற்றுக்குப் பத்து.
அவள் திரையில் இலங்கை ஆறு சதுரம்.
ஒன்றுக்குள்ளேயே நுவரெலியா, ஹட்டன், பதுளை,
பாதி இரத்தினபுரி,
எல்லாவற்றுக்கும் ஒரே உயரம், எழுநூறு மீட்டர்.
"உங்க சமவெளி இதில இல்ல" என்றாள்,
"மலையைச் சராசரி எடுத்துட்டாங்க."

எனக்கு அது புதிதில்லை.
எங்கள் டிவிஷனில் நூற்று எண்பது வீட்டுக்கு ஒரே முகவரி.
பல்கலைக்கழகம் என்னைச் சேர்த்துக்கொண்ட கடிதம்
பதினோரு நாள் வேறொரு யோகமலரின் லயத்தில் கிடந்தது.
அவளும் திறந்து பார்த்துச் சந்தோசப்பட்டிருக்கிறாள்.

அதே திரையில் மன்னாருக்கு மேற்கே நீலமில்லை.
கடல் இறங்கிய தரை.
தில்ருக்ஷி ராமேஸ்வரத்திலிருந்து விரலை இழுத்தாள்.
நனையாமல் வந்து சேர்ந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் சண்டை.
என் பக்கமும் சுத்தமில்லை.
மேலேயிருந்து வேர் இறங்கியிருக்கலாம்,
மரை மிதித்துக் குழப்பியிருக்கலாம்,
மலைநாடு முழுக்கப் பேச எனக்கு இருப்பது ஒரே ஒரு துளை.
அதற்கு மேல் அவள் ஒன்று கேட்டாள்:
பனியுகக் காற்றில் கரியமிலவாயு குறைவு,
மழை இருந்தாலும் அந்தப் புல் ஜெயிக்குமே?
ராத்திரி தூக்கம் வரவில்லை.
புல் சாட்சி சொன்னது
தாகத்துக்கா, பசிக்கா?

இலை மெழுகைக் கேட்கலாம்.
குடித்த மழையை அது வைத்திருக்கும்.
அந்த இயந்திரம் இங்கே இல்லை, ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டும்.

தபால் கந்தோரில் சுங்கப் பத்திரம் நிரப்பினேன்.
பொருள்: மண். நாற்பது கிராம்.
பெறுமதி என்ற கட்டத்தை அப்படியே விட்டேன்.
வெளியே குடை தாங்காத மழை,
சப்பாத்துக்குள் தண்ணீர் சளக்கென்றது.

பஸ் கம்பளை தாண்டியதும்
ரோடு காய்ந்து கிடந்தது.